திறக்கும்போது தெரிந்துவிட்ட பெயர்

அக்கா காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இன்று வேலைக்கு வராத இன்னொரு நர்ஸின் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நான் மடிக்கணினியோடு அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"ஆமா. தூக்கத்துலதான் பேசிட்டிருக்கேன். என்னடி?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"யாரு அவன்?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா!"

எங்கள் பள்ளி நீச்சல் குழுவின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான். நீச்சல் சொல்லித்தரும் மாஸ்டர் கம்பால் அடிக்கிறார் என்று பெண்கள் சிலர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெற்றோர் படிக்கட்டும், ஆனால் எழுதியவர்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றார் பிரின்சிபால். நான் பெயர்களையும் சேர்த்தே ஏற்றினேன். பக்கம் திறந்ததும் அவற்றை மறைக்க ஸ்கிரிப்ட் என்ற ஒரு குட்டி நிரல், பிரின்சிபால் மட்டும் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க ஒரு பட்டன். என் கணினியில் ஒரு பெயரும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மாஸ்டரின் போன் அரதப் பழசு. அதில் எழுத்தெல்லாம் முதலில் வந்துவிட்டிருக்கிறது. மறைக்க வேண்டிய ஸ்கிரிப்ட் பின்னால் ஆடி அசைந்து வந்திருக்கிறது. அதுவரை பெயர்கள் பட்டவர்த்தனமாக நின்றிருக்கின்றன. அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"என்னம்மா, உன் பக்கத்தத் தொறந்தா யார் யார் பேரோ வந்து வந்து போவுது? ரிப்பேரா?"

சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். 

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "முதல்ல யாரு பேரு இருந்துச்சு?"

"தவளை."

தவளை என்பது என் சிநேகிதிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். தவளை நீச்சலில் அவளை யாரும் முந்த முடியாது.

"பேர எடுத்தியா இல்லியா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஆனா அவர் பாத்துட்டாரேக்கா."

"அவகிட்ட சொன்னியா?"

"எப்பிடிச் சொல்றது? இனிமே என் மூஞ்சிலயே முழிக்க மாட்டா."

"விடிஞ்சா பிராக்டிஸ். ஒண்ணும் தெரியாம அந்தாளு முன்னாடி போய் நிப்பா. உன் மூஞ்சி பெருசா, அவ முதுகு பெருசா?"

போனை எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுத் தவளையைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். உளறிக் கொட்டி முடித்தேன்.

"ஓ... நீதானா?" என்றாள் தவளை. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "மாஸ்டர் சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாருடி. நான் எழுதவே இல்லன்னு சாதிச்சிட்டிருக்கேன். காலைல அவர்ட்ட மன்னிப்பு கேக்கணுமாம். அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

 அக்கா போனை வாங்கினாள்.

"அம்மா முழிச்சிருக்காங்களாடா? குடு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"அத்தை, நான் இவளோட அக்கா பேசறேன். மன்னிப்பு கேக்குறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உங்க பொண்ணு முதுகப் பாருங்க."

"முதுகா? ஏம்மா, முதுகுல என்ன?"

"பாருங்க அத்தை. நான் லைன்லயே இருக்கேன்."

விளக்கைப் போடும் சத்தம். "திரும்புடி," என்றது அந்த அம்மாவின் குரல். சட்டை விலகும் சரசரப்பு. "என்னடி இத்தன தழும்பு?"

"காலைல நீ எங்கயும் போக வேணாம்," என்றாள் அந்த அம்மா.