கூட இருந்தவர் எழுதிய கடிதம்

...அதெப்படி, முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் கணவர் மூச்சுவிடாத ஒன்றை இந்த மனிதர் இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்துவிட்டார், ராணுவ முகாமுக்குப் பின்னால் பெரிய குழியாம், பெயிண்ட் டப்பா, டயர், மருந்துக் கழிவு எல்லாம் அதில் எரியுமாம், அந்தப் புகையில் எட்டு மாதம் அவரும் இவரும் சேர்ந்து காவல் நின்றார்களாம்... ஓய்வூதிய அலுவலக வராந்தாவில் கடிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள். எழுத்து மணி மணியாக இருந்தது, அதுவே இடித்தது. கணவரைக் கொண்டுபோன நுரையீரல் நோய் ராணுவத்தில் வந்ததுதான் என்று கூட வேலை பார்த்தவர் யாராவது எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் மனு நிற்காது என்று குமாஸ்தா சொன்னது போன வாரம், சொல்லி நாலே நாளில் இவர் வாசலில். சாவுக்கு வராதவர். யார் அனுப்பினார்கள், குமாஸ்தாவா, இரண்டு பேரும் கூட்டா? கேட்காமல் வரும் உதவிக்குக் கை நீட்டினால் பிறகு விரலை எண்ணிப் பார்த்துக்கொள் என்பாள் அம்மா. பக்கத்தில் அவர் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார், கணவர் உட்காருவது போலவே, அதைக்கூடப் பழகிக்கொண்டு வரலாம், யார் கண்டது... ஒரு கேள்வி போட்டுப் பார்த்தால் என்ன?

"அண்ணே, இருமல் வந்தா அவர் என்ன பண்ணுவார்னு தெரியுமா?"

"அங்கயா, வீட்லயாம்மா?" என்றார் அவர், யோசிக்கவே இல்லை. "வீட்லன்னா குளியலறைக்குப் போயி குழாயத் தொறந்துவிட்டுட்டு இருமுவாரு. உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. தண்ணிய வீணாக்குறாருன்னு நீங்க திட்டுவீங்களாமே? ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை... நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவாரே, அப்போதா? பொய்யில்லை, கடிதம் பொய்யில்லை, நிம்மதிதானே வர வேண்டும், ஏன் வரவில்லை? பேச்சே வராத மனுஷன் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், பேசியிருக்கிறார், சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறார், அவளைப் பற்றி இன்னும் என்னென்ன... இவர் முகத்தைப் பார்த்தால் தெரியுமா, பார்க்கத்தான் முடிகிறதா? அவள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா கடிதத்தை வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் உங்ககிட்ட அவர் சொல்லியிருக்காராம்மா?"

கூட வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்கார்" என்றாள். சட்டென்று, குரல்கூட உயர்ந்துவிட்டது. குமாஸ்தா முத்திரை குத்தினார். மனுவுக்காகத்தான் அப்படிச் சொன்னாளா... இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆளின் காதில் விழட்டும் என்றா?