பலகையில் எழுதிய தேதி

ஆரோக்கியமேரியின் அலைப்பலகையிலிருந்து முப்பத்தாறு வருடமாக உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மல்காஜ்கிரியிலிருந்து கடலுக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம் என்று அந்தப் பலகைக்கு யாரும் சொல்லவில்லை. காசிமேட்டில் உடைந்த கட்டுமரத்தைச் சீவிச் சின்ன வயதில் அவளே செய்தது. அதில் நின்று அலையேறியவள், கல்யாணமானதும் சீரோடு சீராக அதையும் ரயிலேற்றிக் கொண்டுவந்தாள். புருஷன் வேதாசலம் ரயில்பெட்டிப் பட்டறையில் ஃபிட்டர். நல்ல மனுஷன், ஆனால் கை சும்மா இருக்காது. பலகையில் ஒரு விரிசலைக் கண்டதும், பெர்த்தைப் பலப்படுத்துகிற மாதிரி நான்கு இரும்புப் பட்டைகளை வைத்து முடுக்கிவிட்டார். மூன்று பேர் தாங்கும் என்று பெருமை வேறு. அடுத்த லீவில் காசிமேட்டுத் தண்ணீரில் போட்டார்கள். அம்மிக்கல் மாதிரி அடிக்குப் போயிற்று. கரையே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் அலையேறவில்லை. பலகை மாடிப்படிக்கு அடியில் நின்று சொட்டத் தொடங்கியது.

வேதாசலம் போய்ச் சேர்ந்த மறுவருடம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சுப்பிரமணியம் வந்து நின்றார். உப்பு பட்டு ஸ்கூட்டர்களெல்லாம் துருப்பிடிக்கின்றனவாம்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுக்கலேன்னா கபாடிக்காரனுக்குப் பழைய சாமானோட சாமானா போட்டுருவோம், மேரியம்மா."

"கைக்கு சார், எதுக்கு எடுக்கணும்? எம் பலக எங்கயும் போவாது. வோணும்னா கடல் இங்க வரட்டும்."

மூன்று மாடியும் சிரித்தது. அறுபது வயதில் அந்தப் பொம்பளைக்கு என்ன வைராக்கியம்! அன்றே பட்டைகளைக் கழற்றி எறிந்தாள். துளைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாள், இழைப்புளி போட்டு இழைத்தாள். அடியிலிருந்த சின்னச் சுக்கானை ஒரு நூல் இடது, அரை நூல் வலது என்று நகர்த்தி நகர்த்திச் சொட்டின் சத்தத்தைக் கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் சொட்டு நின்று, பலகைக்குள் அலை இரைந்தது. அவ்வளவுதான், சரியாகிவிட்டது. பட்டறையில் பழுது பார்த்த பெட்டியில், அது திரும்பி வரவேண்டிய தேதியை எழுதாமல் வெளியே விடமாட்டார்கள். அவளும் புருஷனுடைய எண் வெட்டிய அச்சுத் தகட்டை எடுத்துப் பலகையில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டாள்.

கடல் நாற்பது நிமிடம் லேட். ரயில்வே கேட் பக்கமிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரே அலை, நண்டும் நுரையுமாக வந்தது. கபாடிக்காரர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். ஆரோக்கியமேரி சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பலகைமேல் ஏறி நின்றாள். விழவில்லை. கடைசித் தெருவரை போய்த் திரும்பி, சுப்பிரமணியம் வீட்டு வாசலில் இறங்கினாள்.

"இப்ப சிரிங்க சார், பாக்கலாம்."

அலை வந்த வழியே போயிற்று. அவள் மறுபடி தகட்டை எடுத்து, ஒன்றரை வருடம் தள்ளி அடுத்த தேதியை எழுதினாள். அன்றைக்கு ஸ்கூட்டர்களை மேட்டில் நிறுத்தவும் என்று சங்க நோட்டீஸ் போர்டில் சுப்பிரமணியம் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.