ஊறல் தொட்டியும் ஒற்றுமைப் பயிற்சியும்

பாபநாசத்துக்குப் பக்கத்து அரிசி ஆலையில் துரைக்கண்ணுவும் இராஜாங்கமும் பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. முன்னவருக்கு நெல் ஊறவைக்கும் தொட்டியில் வேலை, பின்னவருக்கு அதை வேகவைக்க ஆவி விடும் பாய்லரில். "மோட்டாரே, நெல்லு பதமாயிடுச்சு, ஆவி வந்தா தேவல" என்று துரைக்கண்ணு மோட்டாரிடம் சொல்வார். "உமியே, இதோ திறந்தாச்சு" என்று இராஜாங்கம் உமிக்குவியலிடம் சொல்வார். இதுவரை ஒரு மூட்டை கெட்டதில்லை.

முதலாளி பஞ்சநதம் சிங்கப்பூரில் மகன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தபிறகு இது அவருக்குப் பொறுக்கவில்லை. சென்னையிலிருந்து ராஜராஜன் வந்து இறங்கினார். 'பணியிட மனத்தடை நீக்குநர்' என்றது அவருடைய அட்டை.

அன்று பதினொரு மணிக்குத் தொட்டி நெல்லுக்கு ஆவி விட்டாக வேண்டும். தாண்டினால் நெல் நாறும். மேற்பார்வைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான ஷோபனாவிடம் முதலாளி முன்பே சொல்லியிருந்தார்: "ஒரு தொட்டி நாறுனாலும் வீட்டுக்குக் கிளம்பிடும்மா."

ஆபீஸ் அறையில் இருவரையும் ஷோபனாவையும் உட்காரவைத்து ராஜராஜன் பயிற்சியைத் தொடங்கியபோது மணி பத்தே முக்கால்.

"சார், தொட்டி..." என்று ஷோபனா எழுந்தாள்.

"உட்காருங்க மேடம். மனசு திறக்கணும்னா கதவு மூடியிருக்கணும்." தாழ்ப்பாளைப் போட்டார் ராஜராஜன். "துரைக்கண்ணு, எங்க வலிக்குதுன்னு அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க."

"முட்டியிலதான் சார்."

"மனசுல!"

துரைக்கண்ணு இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார். பிறகு வெடித்தார். "உன் பொண்ணு கல்யாணப் பத்திரிகைய வாட்ஸப்புல அனுப்புனியே, நான் என்னடா, உனக்கு ஊர் பேர் தெரியாத ஆளா?"

"மூணு தடவை வந்தேன்டா வெத்தலத் தட்டோட! வீடு பூட்டிக் கெடந்துச்சு!"

"மருமக பிரசவத்துக்குத் திருவாரூர் போயிருந்தேன்டா!"

"அதைச் சொல்றதுக்கு வாயில்லையா?"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பதினொன்று ஐந்து.

"ஆவி!" என்றாள் ஷோபனா.

"அருமை! வீடியோவுக்கு இன்னொரு தடவை அழுங்க, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து," என்றார் ராஜராஜன்.

நான்கு தடவை அழுதார்கள். ஷோபனா அவரைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தபோது பதினொன்றரை. வாடை வாசலிலேயே வரவேற்றது.

மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த பஞ்சநதம் வழக்கம்போல் துரைக்கண்ணுவைத் தனியே கூப்பிட்டார். "யாரு தப்பு?" முன்பெல்லாம் எந்தச் சின்னக் கோளாறானாலும் இந்தக் கேள்விக்கு 'பாய்லர்காரன்' என்று உடனே பதில் கிடைக்கும்.

"இராஜாங்கத்து மேல தப்பில்லீங்க."

இராஜாங்கத்தைக் கூப்பிட்டார். "துரை பாவங்க."

மிச்சமிருந்தது ஷோபனா.

"நீங்க ஏற்பாடு பண்ணின பயிற்சிதானேங்க? கதவைப் பூட்டிட்டாரு," என்றாள்.

"பயிற்சி வெச்சா வேலையைப் பார்க்கக் கூடாதா? நாளையிலேர்ந்து வர வேணாம்மா."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவளை ராஜராஜன் ஓட்டமும் நடையுமாக வந்து மறித்தார். கையில் கருத்துப் படிவம்.

"நூறு சதவீத வெற்றி மேடம்! மேற்பார்வையாளர் கையெழுத்து மட்டும் பாக்கி."

வாங்கிப் பார்த்தாள். கடைசியில், 'இப்பயிற்சியால் நீங்கள் உணர்ந்தது' என்று ஒரு கோடு காலியாக இருந்தது. 'நாற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.