அக்னஸ் சேர்த்த வரி

அமலராணிக்கு வாய்தான் கொஞ்சம் நீளம்; மனசு வெள்ளை. அந்த வெள்ளை மனசு செய்த வேலையைத்தான் சொல்ல வருகிறேன்.

புத்தூரில் ஒரு மாடியில் அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. வருஷம் எண்பத்தெட்டு. ஸ்ரீரங்கத்து லாரி ஆபீஸ் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தேதி, ஒருவர் சரக்கு, ஒருவர் பில் என்று ஆளுக்கொரு பகுதி. புரோகிராம் கிளம்பும்போது இந்தப் பகுதிகளை வரிசையாக எழுப்பிவிட ஒரு தனிக் கோப்பு வேண்டும். புதுப் பகுதி வரும்போதெல்லாம் அந்தக் கோப்பைக் கையால் திருத்தி, மொத்தத்தையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதுதான் கூட வேலை பார்த்த அக்னஸின் வேலை. ஒரு பெயர் விட்டுப்போனாலும் போச்சு, திரை அப்படியே நின்றுவிடும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிடும்.

அக்னஸுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. பாலக்கரையில் பக்கவாதத்தில் படுத்திருந்த அம்மாவுக்கு அவளை விட்டால் நாதியில்லை. சாயங்காலமானால் அவள் கடிகாரத்தையே பார்த்துத் தவிப்பதைச் சிநேகிதி அமலராணியால் பொறுக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினாள். புரோகிராமைச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும், என்னென்ன பகுதி இருக்கிறது என்று அதுவே பார்த்து, அந்தக் கோப்பை அதுவே எழுதிவிடும்.

"இனிமே நீ ஒண்ணும் தட்ட வேணாம்டி. நேரத்தோட பஸ் ஏறிடு," என்றாள்.

அக்னஸ் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அதோடு விட்டிருக்கலாம். அமலராணியின் வாய் சும்மா இருந்ததா? மேனேஜர் செபஸ்தியானிடம் போய்ப் பெருமையடித்தாள்.

"பலே! அப்ப அந்த வேலைக்கு ஆளே தேவையில்லயேம்மா," என்றார் அவர். "சனிக்கிழமை எனக்கு ஓட்டிக் காட்டுங்க. சரியா ஓடுச்சுன்னா அக்னஸை இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்."

"சார், நான் அதுக்கு எழுதல சார்…"

"கம்பெனிக்கு நல்லதுதானே. அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அமலராணி தன் நாற்காலிக்குத் திரும்பினாள். அக்னஸிடம் சொல்லலாமா? சொன்னால், 'எனக்காக நீ கெட்ட பேர் வாங்காதே' என்று தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். அப்படி ஒரு கிறுக்கு அது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தபோது வழி கிடைத்தது. ஸ்கிரிப்ட் பெயர்களை இங்கிலீஷ் அகரவரிசையில் அடுக்கியதால் 'B'-யில் தொடங்கும் பில் முதலில் எழுந்தது. தேதி எழாமல் பில் எழுந்தால் புரோகிராம் விழுந்துவிடும். அக்னஸ் கையால் எழுதும்போது தேதியைத்தான் முதலில் வைப்பாள். இதைத் திருத்த ஒரே ஒரு வரி போதும். அமலராணி திருத்தவில்லை. மேனேஜர் கண்ணெதிரே விழட்டும், 'இதை நம்ப முடியாது, அக்னஸே பார்க்கட்டும்' என்று சொல்வார். அவமானம் தனக்குத்தானே, வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை செபஸ்தியான் பின்னால் நிற்க, அவள் ஓட்டினாள். விழவில்லை. தேதி வந்தது, சரக்கு வந்தது, பில் வந்தது. ஐயோ, ஓடித் தொலைத்ததே!

"பிரமாதம்!" என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

அக்னஸ் குனிந்து அவள் காதில் சொன்னாள்: "காலையில சும்மா பாத்தேன்டி. பில் முன்னாடி நின்னுச்சு. தேதிய மொதல்ல போடச் சொல்லி ஒரு வரி சேத்துட்டேன். இல்லன்னா மேனேஜர் முன்னாடி உன் மானம் போயிருக்கும்."

அமலராணி சட்டென்று திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்து அக்னஸ் சிரித்தாள். அதற்குள் மேனேஜர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள், அக்னஸை.

உள்ளே ரொம்ப நேரம் ஆகவில்லை. வெளியே வந்தவள் தன் நாற்காலியில் உட்காரவில்லை.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

அமலராணி தலையாட்டினாள். கண்ணீர் கொட்டியது.

"அப்ப அந்தத் தப்பு… வேணும்னேதான் விட்டியா?"

அதற்கும் தலையாட்டினாள்.

அக்னஸ் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அதுல கை வச்சிருக்க மாட்டேனேடி."