ஆம்புலன்ஸில் வந்த நாற்காலிகள்

சின்னவள் ஆம்புலன்ஸுக்குள் ஏறி, அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாம்மா. வாடகைச் சேர். உடைஞ்சா என் தலைதான் உருளும்" என்றான் டிரைவர்.

"எங்க அக்காவே போயிட்டா. உன் தலையைப் பத்திரமா வச்சுக்கோ."

அக்காவுக்குக் காலையில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில்தான் பிரசவமானது. ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இருந்த ஒரே வண்டி நாற்காலி எடுக்கப் போயிருந்தது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே அக்காவைச் சாகவிட்டார்கள். நாற்காலி எதற்கு? நாளைக்குத் தாய் சேய் நலப் பிரிவுத் திறப்பு விழாவாம். வெட்கங்கெட்ட விழா. இப்போது அதே வண்டியில்தான் அக்காவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

டாக்டர் வாசலுக்கு வந்தார். "வண்டி இருந்திருந்தாலும் கஷ்டம்தாம்மா."

"அனுப்பிப் பாத்துட்டு அதைச் சொல்லியிருக்கணும் சார்."

அக்காவின் கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். காலையிலிருந்து யாரையும் ஒரு வார்த்தை கேட்காத மனிதர். "வாயை அடக்கு. குழந்தை இன்னும் இவங்க கையிலதான் இருக்கு."

"அக்காவும் இவங்க கையிலதான் மாமா இருந்தா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

நாளைக்குத் திறக்கப்போகும் புதுப் பிரிவின் அறையில் ஒரே ஒரு வார்மர் எரிந்துகொண்டிருந்தது. அதன் சூட்டுக்குக் கீழே குழந்தை, உள்ளங்கை இரண்டில் அடங்கும் அளவுக்கு.

"குழந்தையைக் குடுங்க. உங்ககிட்ட விட்டுட்டுப் போக மாட்டேன்."

"எடை பத்தாது" என்றாள் நர்ஸ். "இந்தச் சூடு இல்லாம தாங்காது. அப்புறம் உன் இஷ்டம்."

சின்னவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இவர்களை நம்பவும் முடியவில்லை, தூக்கிக்கொண்டு ஓடவும் வழியில்லை.

அப்போது வயர்ச் சுருளோடு மைக்செட்காரன் எட்டிப் பார்த்தான். "சிஸ்டர், மேடைக்குக் கரண்ட் எடுக்கணும். இந்தப் பிளக்கைக் கொஞ்ச நேரம் கழட்டிக்கட்டுமா? டாக்டர்தான் அனுப்பினாரு."

நர்ஸ் யோசித்தாள். "சீக்கிரம் குடுத்துடணும், என்ன? இதோன்னு சொல்லிட்டு இழுத்தடிக்கக் கூடாது."

அவள் கை சுவிட்சுக்குப் போவதற்குள் சின்னவள் சுவரோரம் பாய்ந்து, வார்மரின் பிளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா."

"கை வச்சுப் பாருங்க."

மாமா வாசலில் வந்து நின்றார். "அக்காவை ஏத்தியாச்சு. வா, கிளம்பணும்."

"நீங்க போங்க மாமா."

"கடைசியா அவ முகத்தைக்கூடப் பாக்க மாட்டியா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் திரும்பிப் போனார்.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மைக்செட்காரன் வயரோடு நின்றுகொண்டே இருந்தான். அவள் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.