ஒரே சொல்லில் காரணம்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தலைமை மருத்துவரின் கம்பளிக் கோட்டு திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, ஐந்து வயதுப் பிள்ளை போடுகிற அளவுக்குச் சுருங்கி, மருத்துவமனைச் சலவை மெஷினிலிருந்து வெளிப்பட்டது. உலகம் அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சலவைக்கூட சூப்பர்வைசருக்குத்தான் தலை சுற்றியது.

பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது, அதில் அவர் பெயரும் இருக்கிறது என்று பேச்சு. இந்த நேரம் பார்த்துக் கையில் ஒரு படிவத்தைத் திணித்துவிட்டார்கள். பதினேழு கேள்விகள். பதினாறுக்கு அவர் அசரவில்லை. கடைசிக் கட்டத்தில்தான் பேனா நின்றது: ‘நிகழ்வுக்கான காரணம், ஒரே சொல்லில், ஆங்கிலத்தில்.’

நடந்தது இவ்வளவுதான். சிவப்புப் பை என்றால் தொற்றுள்ள துணி. பிரிக்கக் கூடாது, கட்டோடு கொதிநீரில் போட வேண்டும். போடுமுன், பையில் தொங்கும் அட்டையில் அனுப்பியவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று ஒரு பையில் கையெழுத்து இல்லை. அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் போட்டார். உள்ளே இருந்தது கோட்டு. இதை ஒரே சொல்லில் அடக்குவது, இரட்டைக் கட்டில் போர்வையைத் தலையணை உறைக்குள் திணிக்கிற வேலை.

வீட்டில் மனைவியின் தம்பி இருந்தான். டுடோரியலில் ஆங்கிலம் நடத்துகிறவன்; தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தொண்டையைக் கனைத்துக்கொள்வான்.

“மிஸ்டேக்னா கை தவறிப் போச்சுன்னு அர்த்தம், அத்தான். எரர் கொஞ்சம் டீசன்ட்டு. ஃபால்ட்னா பழி உங்க தலையில. நெக்லிஜன்ஸ்னு மட்டும் எழுதிராதீங்க, நீங்களே வேலையை விட்டு நின்ன மாதிரி.”

“ஆக்சிடன்ட்?”

“அதுக்கு யாராவது அடிபட்டிருக்கணும்.”

“கோட்டு செத்தே போச்சேடா” என்றாள் அக்காக்காரி.

“அப்ப ஓவர்சைட். பாக்காம விட்டுட்டோம்னு அர்த்தம்.”

“நான்தான் பாத்தேனேடா.”

மூன்று நாள் இதே கதை. “என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொல்ல அரை நிமிஷம்கூட எடுக்கல நீங்க” என்றாள் மனைவி.

“அதுக்கு யாரும் ஃபாரம் குடுக்கல.”

வியாழக்கிழமை மதியம் சலவைக்கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு தலைமை மருத்துவரே வந்தார். அவர் வார்டுக்குள் நுழைந்தால் நர்சுகள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். சூப்பர்வைசருக்கு ஒட்டிக்கொள்ளச் சுவர்கூட அகப்படவில்லை. நான்கு பக்கமும் துணி. மருத்துவர் கதவைச் சாத்தினார்.

“அந்தப் பையில கோட்டைப் போட்டது நான்தான்யா. அவசரத்துல, இஸ்திரிக்குப் போற பைன்னு நினைச்சுட்டேன்.”

சிவப்புப் பை விதிகளை எழுதி, மாடிக்கு மாடி சுவரில் ஒட்டவைத்தவரே அவர்தான். அவர் கையிலும் அதே படிவம் இருந்தது.

“கடைசிக் கட்டத்துல என்ன போட்டே?”

“இன்னும் போடல சார். எரருக்கும் மிஸ்டேக்குக்கும் நடுவுல நிக்கிறேன்.”

“நான் நெக்லிஜன்ஸ்னு எழுதி எழுதி அடிச்சுட்டேன். ஒரு டாக்டர் தன் கையால எழுதுற வார்த்தையாய்யா அது?”

இருவரும் அழுக்குப் படாத துணிக்குவியலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். எதிரே வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் படுக்கை விரிப்புகள் புரண்டுகொண்டிருந்தன. இருவரும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தார்கள். மருத்துவர் தொடைமேல் படிவத்தை வைத்து ஒரு சொல் எழுதினார். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, அதையே அச்சடித்ததுபோல் எழுதினார்: மெஷின்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் அவர் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அது காரணமே இல்ல அத்தான், அது ஒரு பொருள்” என்றான் மைத்துனன்.

“இருந்துட்டுப் போகட்டும்டா” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டே.

சனிக்கிழமை மெக்கானிக் வந்து மெஷினைக் கழற்றிப் பார்த்தான். அது நன்றாகத்தான் இருந்தது.