கடல் வரைபடத் தொப்பி

குதிரைப் பந்தயத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ஆஸ்திரேலியாவின் கிங் தீவில் பந்தயத்துக்குப் பெண்கள் தொப்பி இல்லாமல் போவதில்லை. அதற்காகவே ஆறு வாரமாக வியாழன் மாலைகளில் காகிதத் தொப்பி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். செய்ததையெல்லாம் நோட்டில் எழுதுவேன். எழுதியது சரிதானா என்று மறுபடி அளந்தும் பார்ப்பேன்.

மற்றவர்கள் வண்ணக் காகிதம் கொண்டுவந்தார்கள். நான், சிங்கி இறால் பிடிக்கும் அண்ணன் ஆங்கஸின் படகிலிருந்த பழைய கடல் வரைபடத்தைக் கொண்டுவந்தேன். ஜி.பி.எஸ். வந்த பிறகு அவன் அதை விரித்ததே இல்லை. கேட்டபோது, "பழசுதானே, எடுத்துக்கோ," என்றான்.

ஈரப் பஞ்சால் ஒற்றி, தலை வடிவில் செதுக்கிய மர அச்சின்மேல் வைத்து அழுத்தினேன். தடித்த காகிதம் முரண்டு பிடிக்காமல் வளைந்தது. உச்சியில் எங்கள் மேற்குக் கரை குடை போல விரிந்தது. விளிம்பில் விரல் அகலத்துக்கு முப்பத்தாறு மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் கடலை விழுங்கியது. ஆழம் குறிக்கும் எண்கள் மீன்குஞ்சுகள் போல விரலடியில் கூடிக் கலைந்தன. சன்னல் வெயில் அந்த நீலத்தின் மேல் வந்து படுத்துக்கொண்டது. நான் எங்கே நிற்கிறேன் என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

பக்கத்து மேசை பெரிலை அழைத்துப்போக அவள் கணவர் நெவில் வந்தார். அவரும் சிங்கி இறால் பிடிப்பவர். வழக்கமாக வண்டியிலிருந்தே ஹாரன் அடிப்பார். அன்று உள்ளே வந்தவர் என் தொப்பி முன்னால் நின்றுவிட்டார்.

"கண்ணு, அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பேன்."

பெரில் சிரித்தாள். "முப்பது வருஷத்துல என் தொப்பியை ஒரு தடவை பார்த்திருப்பாரா இந்த மனுஷன்!"

"அழகா இருக்கேன்னு பார்த்தேன். அது தப்பா?" என்றபடி அவர் இன்னும் குனிந்தார்.

அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். மங்கிய பென்சிலில் சின்னப் பெருக்கல் குறி. பக்கத்தில் இன்னொன்று. தேடினால் மொத்தம் ஏழு. ஆங்கஸ் இறால் கூண்டு இறக்கும் பாறைகள்! என்னிடம்கூட அவன் சொன்னதில்லை. அவற்றைத் தலையில் சூடிக்கொண்டு, படகுக்காரர்கள் எல்லாரும் கூடும் இடத்துக்குப் போகவிருந்தேன்.

தொப்பியைத் துண்டால் மூடினேன். அவர்கள் போனதும் போன் செய்தேன். ஆங்கஸ் ரப்பர் பூட்ஸோடு வந்தான்.

"கிழிச்சுப் போட்டுடறேன்," என்றேன்.

"ஆறு வாரம் உக்காந்து செஞ்சதையா? நானும் பார்க்காமத்தானே குடுத்தேன்." தொப்பியைச் சுற்றி வந்தான். "நெவில் எதைப் பார்த்தாரு?"

"இந்த ரெண்டையும். அழிச்சுடலாமா?"

"அழிச்சா தடம் தெரியும்." குனிந்து அந்த இரண்டு குறிகளையும் பார்த்தான். "சரி, ரெண்டு போச்சு. திங்கக்கிழமை அங்க அவர் கூண்டோட மிதவைதான் மிதக்கும். பென்சில் இருக்கா?"

இருவரும் உட்கார்ந்து பெருக்கல் குறி போட ஆரம்பித்தோம். நான் ஸ்கேலை எடுத்தேன்.

"அளந்து போடாதடி லூசு! கைக்கு வந்தபடி போடு."

போட்டேன். நடுக்கடலில், மணல் திட்டில், மாட்டுப் பண்ணைகள் மேலும்கூட. குறிகள் பறவைக் கூட்டமாகத் தொப்பியெங்கும் இறங்கின.

சனிக்கிழமை அதை அணிந்து வேலியோரம் நின்றேன். குளம்புச் சத்தம் அலை போல வந்து போயிற்று. எனக்குப் பின்னால் படகுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். யாரும் குதிரையைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, இதுல எதுதான் நிஜம்?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

"எனக்கே தெரியலைங்க," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.